நாற்பது பேர், நாற்பத்தைந்து நிமிடம்: உடற்கல்விப் பயிற்சி ஆசிரியை ஒருவரின் நிகழ்வு ஆய்வு

அவர் 400 மீட்டர் ஓட்டக்காரர். நேரம் என்றால் அவருக்கு நொடியின் நூறில் ஒரு பங்கு. முதல் 200 மீட்டரை எவ்வளவு வேகத்தில் ஓடினால் கடைசி 100 மீட்டரில் கால் கனக்காது என்பதைக் கடிகாரம் பார்க்காமலே சொல்லிவிடுவார். உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தபோது, நேரத்தைக் கையாளுவது பற்றித் தனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போன முதல் மாதத்திலேயே மூன்று புகார்கள் சேர்ந்துவிட்டன. அவர் வகுப்பு முடிந்து வரும் மாணவர்கள் அடுத்த பாடவேளைக்கு வியர்வையோடு தாமதமாக நுழைகிறார்கள் என்று கணித ஆசிரியர் சொன்னார். பாடக்குறிப்பு, வகுப்பு தொடங்கும் நேரத்தில்தான் வழிகாட்டி ஆசிரியரின் கைக்கு வந்தது. மாலைப் பயிற்சி எத்தனை மணிக்கு முடியும் என்பது பெற்றோருக்குத் தெரியவில்லை. மூன்றும் நேரம் சம்பந்தப்பட்டவை என்பதால் மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது அப்படி இல்லை என்பதைத்தான் இந்த ஆய்வு எடுத்துப் பார்க்கிறது.

தொடர்வதற்கு முன் ஒரு விளக்கம். இதில் வருபவர் தனி ஒருவர் அல்லர். கற்பித்தல் பயிற்சிக் காலத்தில் திரும்பத் திரும்பக் காணக்கிடைக்கும் சிக்கல்களை ஒருவர் மேல் ஏற்றி எழுதியிருக்கிறேன். வகுப்பின் அளவும் நிமிடக் கணக்கும்கூட விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவைதான். ஆய்வாளர் பெயரோடு வரும் செய்திகள் மட்டும் அந்தந்த ஆய்வுகளுக்கு உரியவை.

முதல் மருந்து: நாட்குறிப்பு

புகார்கள் வந்ததும் அவர் செய்தது, அந்த நிலையில் யாரும் செய்யக்கூடியதுதான். நல்ல நாட்குறிப்பு ஒன்று வாங்கினார். அரை மணி நேரக் கட்டங்கள், நான்கு வண்ணப் பேனாக்கள். காலை ஓட்டப்பயிற்சி, பாடவேளைகள், பாடக்குறிப்பு எழுதுதல், மாலையில் அணிப் பயிற்சி, இரவில் செயல்திட்ட அறிக்கை. எல்லாம் அழகாக உட்கார்ந்தன. ஆனால் எந்த நாளிலும் இரண்டாம் பாடவேளைக்குப் பிறகு அந்தக் கட்டங்கள் உயிரோடு இருக்கவில்லை.

நேர மேலாண்மை என்ற பெயரில் புழங்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி மேசை வேலை செய்கிறவர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. முக்கியமானதை முதலில் செய், தொலைபேசியை அணைத்து வை, இடையூறுகளைத் தவிர். உடற்கல்வி ஆசிரியருக்கு இடையூறுதான் வேலையே. முழங்காலில் சிராய்த்துக்கொண்டு வரும் குழந்தை, திடீரென மைதானத்தைக் கேட்கும் வேறொரு வகுப்பு, திறக்காத சாமான் அறைப் பூட்டு, மழை. கட்டம் போட்ட நாட்குறிப்பு இவருடைய நாளைக் காப்பாற்றாது என்பதை வழிகாட்டி ஆசிரியர் முதல் வாரத்திலேயே கண்டிருக்க வேண்டும். ஆனாலும் அவர் எதுவும் சொல்லாமல், ஒரு நாள் மைதானத்தின் ஓரத்தில் ஸ்டாப்வாட்சோடு போய் உட்கார்ந்தார்.

ஸ்டாப்வாட்ச் சொன்னது

அன்றைய பாடம் கூடைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது. டிரிபிளிங். நாற்பது மாணவர்கள், நாற்பத்தைந்து நிமிடம், எட்டு பந்துகள். பாடக்குறிப்பில் பயிற்சிக்குப் பதினைந்து நிமிடமும் குழு ஆட்டத்துக்குப் பத்து நிமிடமும் ஒதுக்கப்பட்டிருந்தன.

நடந்தது வேறு. மாணவர்கள் வந்து வரிசையில் நிற்க 6 நிமிடம். பெயர் கூப்பிட்டு வருகை எடுக்க 4. உடலைச் சூடேற்ற 6. திறனை விளக்க 8. குழு பிரித்துப் பந்து கொடுக்க 5. பயிற்சி 10. பந்துகளைத் திரட்டி, எண்ணி, ஒன்று குறைய, தேடி, வகுப்பைக் கலைக்க 6. ஆட்டம் நடக்கவே இல்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது. பந்தைத் தேடியதில் கொஞ்சம் அடுத்த பாடவேளைக்குள்ளும் போய்விட்டது. கணித ஆசிரியரின் புகார் பிறந்த இடம் அதுதான்.

பயிற்சி நடந்த அந்தப் பத்து நிமிடத்தைத் தனியே பார்க்க வேண்டும். எட்டு பந்துகள் இருந்தும் அவர் வெளியே எடுத்தவை நான்கு. நான்கு வரிசை, வரிசைக்குப் பத்துப் பேர். கூம்புகளைச் சுற்றிப் பந்தைத் தட்டிப் போய்த் திரும்ப ஒருவருக்குச் சுமார் 15 நொடி. அப்படியானால் ஒருவருக்கு முறை வந்து மறுமுறை வர 150 நொடி. பத்து நிமிடத்தில் ஒவ்வொருவருக்கும் நான்கு முறை. அதாவது முழுப் பாடவேளையில் ஒரு மாணவர் பந்தைத் தொட்டிருந்தது ஒரே ஒரு நிமிடம்.

வகுப்பு முடிந்ததும் இருவரும் மைதானத்து ஓரத்திலேயே பேசினார்கள்.

“எப்படிப் போச்சுன்னு நினைக்கிறீங்க?”

“நல்லாத்தான் போச்சு சார். யாரும் சண்டை போடலை, எல்லாரும் சொன்னதைக் கேட்டாங்க. ஆட்டத்துக்குத்தான் நேரம் பத்தலை.”

“நேரம் பத்தலையா? சரி, நாற்பது பேரும் இன்னிக்கு என்ன செஞ்சாங்க?”

“டிரிபிளிங் சார்.”

“ஒரு நிமிஷம் டிரிபிளிங். மீதி நேரம் நின்னாங்கம்மா. நீங்க ஓடும்போது நேரம் உங்களோடது. இங்க நாற்பது பேரோடது. நீங்க ஒரு நிமிஷம் விட்டா, நாற்பது நிமிஷம் போகுது.”

அவர் முழுதாக ஏற்கவில்லை. அவர் பார்வையில் அது ஒழுங்கான வகுப்பு. உள்ளபடியே ஒழுங்கான வகுப்புதான். சிக்கலும் அதில்தான் ஒளிந்திருந்தது. அமைதியாக வரிசையில் நிற்கும் நாற்பது பேரைப் பார்த்தால் எந்தப் பயிற்சி ஆசிரியருக்கும் நிம்மதி வரும். கண்காணிக்க வரும் அதிகாரிக்கும் வரும். வரிசை கட்டுப்பாட்டின் அடையாளமாகத் தெரிவதால், அதற்குள் நேரம் கரைவது கண்ணில் படுவதில்லை.

இப்படி எண்ணிப் பார்க்கும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடக்கநிலை ஆசிரியர்களை ஆராய்ந்த பெரிய ஆய்வொன்று, பாடத்துக்கு ஒதுக்கிய நேரத்தையும் மாணவர் உண்மையில் கற்கும் நேரத்தையும் பிரித்துப் பார்த்தது. மாணவர் வேலையில் ஈடுபட்டிருக்க வேண்டும். அந்த வேலை அவர் பெரும்பாலும் வெற்றிகரமாகச் செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அந்த நேரம் மட்டுமே கற்றல் நேரம். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேரில் சீடென்டாப்பும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை உடற்கல்விக்குக் கொண்டுவந்தார்கள். வகுப்பின் நேரத்தை நிர்வாகம், இடம் மாறுதல், காத்திருத்தல், விளக்கம், உடலியக்கம் என்று கூறுபோட்டுக் கவனிக்கும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். அந்த வழியில் நடந்த ஆய்வுகள் பலவற்றில் காத்திருத்தல் பெரிய பங்கை விழுங்கியதும், சரியான இயக்கத்தில் மாணவர் செலவிட்ட நேரம் பரிதாபமாகச் சிறுத்திருந்ததும் தெரியவந்தன. ஆகவே நம் பயிற்சி ஆசிரியை விதிவிலக்கு அல்லர். அவர் பெரும்பான்மையில் ஒருவர்.

பாடவேளையில் பாதி நேரமாவது மாணவர்கள் மிதமான அல்லது தீவிரமான இயக்கத்தில் இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் பரவலாகக் கையாளப்படும் அளவுகோல். நாற்பத்தைந்து நிமிடத்துக்கு அது இருபத்திரண்டரை நிமிடம். இங்கே சூடேற்றிய ஆறு நிமிடத்தோடு பந்து தட்டிய ஒரு நிமிடத்தையும் சேர்த்தால் ஏழு. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட இயக்கம் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த அறுபதில் உடற்கல்வி வகுப்பின் பங்கு ஏழு என்றால், பாடத்தை நியாயப்படுத்திப் பேசுவது கடினம்.

மாற்றிய இடங்கள்

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற வழிகாட்டி ஆசிரியர் விடவில்லை. முதலில் நுழைவு. வரிசையில் நின்று காத்திருப்பதற்குப் பதிலாக, மைதானத்துக்கு வருகிற வாசலில் ஒரு பலகை. அதில் அன்றைய முதல் வேலை ஒரு வரியில்: “உங்கள் குழுவின் பந்தை எடுத்து, உங்கள் கூம்புக்குப் போய், நின்ற இடத்திலேயே இடக்கையால் தட்டுங்கள்.” முதலில் வந்தவர் கடைசி ஆளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சீக்கிரம் வருவதற்கு முதல்முறையாக ஒரு லாபம் கிடைத்தது.

குழுக்களை ஒவ்வொரு வகுப்பிலும் புதிதாகப் பிரிப்பதை நிறுத்தினார். ஐந்து பேர் கொண்ட எட்டு குழுக்கள், அந்தப் பாடப்பகுதி முடியும்வரை மாறாதவை. சீடென்டாப் பின்னாளில் வளர்த்தெடுத்த விளையாட்டுக் கல்வி முறையிலும் அணிகள் ஒரு பருவம் முழுவதும் நிலையாக இருக்கும். அதன் சமூகப் பயன்கள் பற்றி நிறையப் பேசப்பட்டிருக்கிறது. எனக்கு அதில் முதலில் கண்ணில் படுவது வெறும் சிக்கனம்: குழு பிரிக்கும் நேரம் ஒரே ஒருமுறை செலவாகிறது. வருகைப்பதிவும் இதோடு தீர்ந்தது. எந்தக் கூம்பில் நான்கு பேர் நிற்கிறார்கள் என்று பார்த்தால் போதும். பெயர் கூப்பிட வேண்டியதில்லை.

பந்துகளுக்குக் குழுவில் ஒருவர் பொறுப்பு, வாரம் ஒருவர். எடுத்துவருவதும் திருப்பி வைப்பதும் அவர் வேலை. பந்து தொலைவது ஏறக்குறைய நின்றது. யார் கையில் இருந்தது என்று தெரிந்தால் பந்துகள் அவ்வளவாகத் தொலைவதில்லை.

விளக்கம்தான் அவருக்கு மிகவும் கடினமாக இருந்தது. நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சுருக்கிச் சொல்வது யாருக்குமே எளிதல்ல. நல்ல விளையாட்டு வீரர்கள் ஆசிரியராகும்போது எட்டு நிமிட விளக்கம் இயல்பாக வந்துவிடுகிறது: பிடி, மணிக்கட்டு, முழங்கால் வளைவு, பார்வை, எதிராளி எங்கிருந்து வருவார் என்பது வரை. மாணவர் காதில் நிற்பது அதில் ஒன்றோ இரண்டோ. வழிகாட்டி ஆசிரியர் வைத்த விதி இது: இரண்டு முறை பேசாமல் செய்துகாட்டு, ஒரே ஒரு குறிப்புச் சொல் கொடு, செய்ய விடு. அன்று “விரல் நுனி” என்றால் அன்று முழுக்க விரல் நுனிதான். பார்வையை நிமிர்த்துவது அடுத்த வகுப்புக்கு. “பாதியைச் சொல்லாம விடுற மாதிரி இருக்கு சார்” என்று அவர் சங்கடப்பட்டார். சொல்லாமல் விட்டதில் பெரும்பகுதியை மாணவர்கள் பந்தோடு இருந்தபோது தாங்களே கேட்டார்கள்.

அடுத்தது நிறுத்தும் சைகை. ஒரு நீண்ட விசில் வந்தால் பந்து இரண்டு பாதங்களுக்கு நடுவில், கண் ஆசிரியர் மேல். இதைத் தனிப் பயிற்சியாகவே நடத்தினார். விசிலுக்கும் அமைதிக்கும் இடையே எத்தனை நொடி என்று வகுப்புக்கே அறிவித்தார். மாணவர்கள் அதைப் போட்டியாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு வகுப்பில் ஏழெட்டு முறை நிறுத்த வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் கத்தி அடக்கினால் நான்கு நிமிடம் அதற்கே போய்விடும், தொண்டையும் போய்விடும்.

கல்வி உளவியலாளர் ஜேக்கப் கூனினை இங்கே நினைவுகூர வேண்டும். தன் வகுப்பில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரை அவர் கண்டித்தபோது, கண்டிக்கப்படாத மற்றவர்களும் விறைத்துப்போனதைக் கவனித்தார். எப்படிக் கண்டித்தால் வகுப்பு ஒழுங்குக்கு வரும் என்ற கேள்வியோடு ஆராயத் தொடங்கினார். 1970இல் அவர் வெளியிட்ட முடிவு வேறு திசையில் இருந்தது. கண்டிக்கும் விதத்துக்கும் வகுப்பின் ஒழுங்குக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. நன்றாக நடந்த வகுப்புகளின் ஆசிரியர்கள், சிக்கல் தொடங்குவதற்கு முன்பே கவனித்தார்கள், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தடங்கலின்றி நகர்த்தினார்கள், வேகம் குறையவிடவில்லை. வகுப்பறையில் கண்டது மைதானத்துக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்துகிறது. சுவர் இல்லாத இடத்தில் நின்றுபோன வகுப்பு நாலா பக்கமும் சிதறும்.

வரிசை ஐந்து பேராகச் சுருங்கியதும் ஒருவர் சுற்று 150 நொடியிலிருந்து 75 நொடியானது. காத்திருப்பவர்களில் ஒருவர் பந்தைப் பறிக்கத் துரத்துபவர் ஆனார். இன்னொருவர் ஓர் அட்டையைக் கையில் வைத்து, தட்டுபவரின் விரல் நுனியைக் கவனித்துச் சொல்பவர் ஆனார். மாணவரை மாணவர் கவனித்துத் திருத்தும் இந்த முறை, மஸ்கா மாஸ்டன் 1966இல் முன்வைத்த கற்பித்தல் பாணிகளின் வரிசையில் ஒன்று.

சில வாரங்களுக்குப் பிறகு எடுத்த கணக்கு இது. நுழைவு வேலை 3 நிமிடம், பந்தோடு சூடேற்றல் 6, துண்டு துண்டான விளக்கங்கள் எல்லாம் சேர்த்து 4, பயிற்சி 16, நான்கு கட்டங்களில் ஐவருக்கு ஐவர் ஆட்டம் 10, இடம் மாறுதல் 3, முடிப்பு 3. கணித ஆசிரியர் புகார் சொல்வதை நிறுத்திவிட்டார்.

வேகம் தலைக்கேறியபோது

கதை இங்கேயே முடிந்திருந்தால் எழுதத் தேவையிருந்திருக்காது. அவர் ஓட்டக்காரர், கையில் ஸ்டாப்வாட்ச், எண்கள் நல்லபடியாக நகர்கின்றன. அடுத்து என்ன நடக்கும் என்பதை ஊகிக்கலாம். இடம் மாறுதலை 3 நிமிடத்திலிருந்து 2 ஆக்கினார். சூடேற்றலைக் குறைத்தார். தண்ணீர் குடிக்கும் இடைவேளையை ஆட்டத்தின் நடுவில் அவரவர் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வகுப்பு ஓடிக்கொண்டே இருந்தது.

வழிகாட்டி ஆசிரியர் மறுபடியும் வந்து உட்கார்ந்தார். இந்த முறை அவர் வகுப்பைப் பார்க்கவில்லை, நான்கு பேரைப் பார்த்தார். தாமஸ் மெக்கென்சியும் உடன் ஆய்வாளர்களும் 1991இல் வெளியிட்ட சோஃபிட் என்ற கவனிப்பு முறையில் இப்படித்தான் செய்வார்கள்: முன்கூட்டியே தேர்ந்த மாணவர்களை ஒருவர் பின் ஒருவராக, ஆளுக்கு நான்கு நிமிடம், பத்து நொடி பார்த்து, பத்து நொடியில் குறித்து. படுத்திருக்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா, நிற்கிறாரா, நடக்கிறாரா, அதைவிடத் தீவிரமாக இயங்குகிறாரா என்பதே குறிப்பு.

அந்த அளவில் நால்வரும் சிறப்பாகவே இருந்தார்கள், பெரும்பாலும் “தீவிர இயக்கம்”. ஆனால் அதில் இருவர் ஓடியது கையை விட்டு ஓடிய பந்தின் பின்னால். பந்தைத் தட்டுவார், அது காலில் பட்டு உருளும், துரத்திப் பிடித்து வருவார், மறுபடியும் அதே. உடலியக்கக் கணக்கில் அது முழு மதிப்பெண். சீடென்டாப் வழியில் அளந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம், ஏனென்றால் அங்கே மாணவர் தன் நிலைக்கேற்ற வேலையை வெற்றியோடு செய்யும் நேரம் மட்டுமே எண்ணப்படும். ஒரே பதினாறு நிமிடம் ஓர் அளவுகோலில் நிறைந்தும் மற்றொன்றில் காலியாகவும் இருந்தது.

இன்னொரு விஷயம் பயிற்சி ஆசிரியையை உண்மையாகவே அதிரவைத்தது. பழைய பத்துப் பேர் வரிசையில் ஒரு மாணவி எப்போதும் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ நிற்பாள். முறை வரும்போது பின்னால் இருப்பவரை முன்னே விட்டுவிடுவாள். ஐந்து பேர் குழுவில் அதற்கு வழியில்லை. 75 நொடிக்கு ஒருமுறை எல்லோர் கண்ணெதிரிலும் தோற்க வேண்டும். சில வகுப்புகளில் அவள் உடல்நிலையைச் சொல்லி ஓரமாக உட்கார்ந்தாள். நீண்ட வரிசை வீண் என்று நாம் கணக்குப் போடுகிறோம். சிலருக்கு அது தங்குமிடமாகவும் இருந்திருக்கிறது என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

திருத்தம் இரண்டு இடத்தில் நடந்தது. சூடேற்றலுக்கும் தண்ணீருக்கும் எடுத்த நேரம் திரும்பிப் போனது. அதில் விவாதத்துக்கே இடமில்லை. பயிற்சியில், ஒரே வேலைக்கு மூன்று நிலைகள் வந்தன: நின்று தட்டுதல், நடந்து தட்டுதல், துரத்துபவரோடு ஓடித் தட்டுதல். எதில் தொடங்குவது, எப்போது அடுத்ததற்குப் போவது என்பதை மாணவரே முடிவு செய்தார். மாஸ்டனின் பயிற்சிப் பாணியில் ஒன்பது முடிவுகள் ஆசிரியர் கையிலிருந்து மாணவர் கைக்கு மாறுகின்றன. எந்த வரிசையில் செய்வது, எப்போது தொடங்குவது, எவ்வளவு வேகம், எப்போது நிறுத்துவது, இடையில் எவ்வளவு இளைப்பாறுவது என அவற்றில் பல நேரம் பற்றியவை. வகுப்பின் நேரத்தைச் சேமிக்கக் கற்ற பயிற்சி ஆசிரியை, இங்கே அதைப் பங்கிட்டுக் கொடுக்கக் கற்றார் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். ஸ்டாப்வாட்ச் வெளிப்படுத்தும் கசிவைவிட இதுவே கடினமான பாடம். பயிற்சிக் கல்லூரிகளில் இது போதிய அளவு சொல்லித்தரப்படுவதில்லை என்பதும் என் எண்ணம்.

அந்த மாணவி முழுதாகத் திரும்பிவிட்டாள் என்று சொல்ல முடியாது. நின்று தட்டுவதில் நிறைய வகுப்புகள் இருந்தாள்.

மைதானத்துக்கு வெளியே

பாடவேளைச் சிக்கல் அவிழ்ந்தபோது நாளின் சிக்கலும் கொஞ்சம் இளகியது. முழுதாக அல்ல. இவை இரண்டும் வேறு வேறு நோய்கள்.

பாடக்குறிப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு குறிப்புக்கு ஒரு மணி நேரம் என்று நாட்குறிப்பில் எழுதுவார். மூன்று மணி நேரம் ஆகும். மறுநாளும் ஒரு மணி நேரம் என்றே எழுதுவார். இது சோம்பலோ அசட்டையோ அல்ல. தன் வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்து மதிப்பிடும் இந்தச் சாய்வை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எடுத்துக்காட்டி, ‘திட்டமிடல் பிழை’ என்று பெயரிட்டார்கள். 1994இல் வெளியான ஒரு ஆய்வில், தம் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று உளவியல் மாணவர்கள் சராசரியாக 33.9 நாள் என மதிப்பிட்டார்கள்; ஆனது 55.5 நாள். முன்பும் இப்படித்தான் ஆனது என்று தெரிந்திருந்தும், இந்த முறை அப்படி ஆகாது என்று நம்புவதுதான் இதன் குணம்.

வழிகாட்டி ஆசிரியர் சொன்ன வழி மிகச் சாதாரணமானது. குறிப்பேட்டில் இரண்டு பத்திகள்: எவ்வளவு ஆகும் என்று நினைத்தேன், எவ்வளவு ஆனது. அடுத்த முறை முதல் பத்தியைப் பார்க்காமல் இரண்டாம் பத்தியை மட்டும் பார்த்துத் திட்டமிடு. இதோடு, ஒவ்வொரு குறிப்பையும் வெற்றுத் தாளிலிருந்து தொடங்குவதையும் நிறுத்தினார். பாடப்பகுதி முழுவதற்கும் ஒரு வரைவு முதலில். நுழைவு வேலை, குழு அமைப்பு, முடிப்பு ஆகியவை எல்லா வகுப்புக்கும் பொது. தனி வகுப்புக்கு எழுத வேண்டியது குறிப்புச் சொல்லும் நிலைகளும் மட்டும்தான். மைதானத்தில் நிலையான வழக்கங்கள் வந்ததால்தான் காகிதத்திலும் வேலை குறைந்தது. இந்த வரிசை தலைகீழாக நடந்திருக்க முடியாது.

மாலைப் பயிற்சி நீள்வதற்குக் காரணம் வேறு. “இன்னும் அஞ்சு நிமிஷம் மிஸ்” என்று அணி கேட்கும், அவருக்கும் ஆசை இருக்கும். இதில் எந்த நுட்பமும் உதவவில்லை. முடியும் நேரத்தை எழுதிப் பெற்றோருக்கு அனுப்பிய பிறகுதான் அது நின்றது. தனக்குத் தானே கொடுத்த வாக்கை எல்லோரும் எளிதாக மீறுகிறோம். வாசலில் ஒருவர் காத்திருக்கிறார் என்றால் கை தானாக விசிலுக்குப் போகிறது.

மற்ற ஆசிரியர்கள் கேட்கும் உதவிகளும் இருந்தன. மேடை போட, கொடி கட்ட, வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள. வகுப்பறையில் இல்லாதவர் வேலையில்லாதவர் என்ற எண்ணம் இந்தத் தொழிலை விடாமல் துரத்துகிறது. பயிற்சி ஆசிரியர் மறுத்துப் பேசும் நிலையிலும் இல்லை. எனவே மறுக்கும் பொறுப்பை வழிகாட்டி ஆசிரியர் எடுத்துக்கொண்டார். பயிற்சி ஆசிரியையின் கால அட்டவணையை, மாலைப் பயிற்சியும் குறிப்பு எழுதும் நேரமும் சேர்த்து, ஆசிரியர் அறையில் ஒட்டினார். கேட்பவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். கேட்பது நிற்கவில்லை, குறைந்தது. இதைத் தனிமனிதத் திறமையாகப் பார்க்கக் கூடாது. புதிதாக வருபவரின் நேரத்துக்கு மூத்தவர்தான் வேலி.

கடைசியாக அவருடைய சொந்த ஓட்டம். வாரம் ஆறு நாள் என்பது மூன்றாகச் சுருங்கியது. அவர் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. உடம்பு கேட்டது, குறைத்தார், பல வாரங்கள் முகம் வாடியிருந்தார். விளையாட்டு வீரராக இருந்து ஆசிரியராகும் ஒவ்வொருவரும் இந்த இடத்தைக் கடக்கிறார்கள். நேரக் கட்டங்களில் இதற்குத் தீர்வு கிடையாது. இது ஓர் இழப்பு. இதை “முன்னுரிமை மாற்றம்” என்று அழகுபடுத்திச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

குறிப்பேடு காட்டிய மாற்றம்

பிரான்செஸ் ஃபுல்லர் 1969இல், ஆசிரியராக உருவாகிறவர்களின் கவலைகள் ஒரு வரிசையில் நகர்வதாக எழுதினார். தொடக்கத்தில் கவலை தன்னைப் பற்றியது: நான் சமாளிப்பேனா, என்னை ஏற்பார்களா. பிறகே அது மாணவர் என்ன கற்கிறார் என்பதற்கு நகரும். எல்லோரும் இதே ஒழுங்கில் நகர்கிறார்களா என்பது பின்னர் விவாதத்துக்கு உள்ளானது. ஆனால் இந்த நிகழ்வில் அந்த நகர்வு கண்ணுக்குத் தெரிந்தது. முதல் மாத நாட்குறிப்பில் எல்லா வரிகளும் அவரைப் பற்றியவை: எழுதி முடிக்க வேண்டும், சீக்கிரம் எழ வேண்டும், ஓட வேண்டும். பயிற்சிக் காலத்தின் முடிவில் அதே பக்கங்களில் இப்படி இருந்தது: “மூன்றாம் குழு பந்து எடுக்க மெதுவு, கூம்பு தூரம்.” “நிறுத்தும் சைகை 6 நொடி, ஏன் நேற்றைவிட அதிகம்?” “இடக்கையால் அவளுக்கு முடிகிறது.” வண்ணப் பேனாக்களைக் காணவில்லை.

இறுதி மதிப்பீட்டில் வகுப்பு மேலாண்மைக்கு நல்ல மதிப்பெண் வந்தது. செயல்திட்ட அறிக்கை தாமதமாகவே ஒப்படைக்கப்பட்டது. இரண்டு பத்திக் குறிப்பேட்டின்படி அதற்கு அவர் போட்டிருந்த கணக்கு ஏறக்குறைய சரிதான், தொடங்கியதுதான் தாமதம்.

விவாதத்துக்கு

இந்த நிகழ்வைப் பயிற்சி வகுப்பில் எடுத்துப் பேசுபவர்களுக்குச் சில கேள்விகள். எட்டு பந்துகளுக்குப் பதில் இரண்டே பந்துகள் இருந்திருந்தால் மேலே சொன்ன மாற்றங்களில் எவை நிற்கும், எவை விழும்? மைதானமே கிடைக்காத மழை நாளில் நுழைவு வேலை எப்படி இருக்கும்? வகுப்பு நாற்பதுக்குப் பதில் எழுபது பேர் என்றால், குழுவைப் பெரிதாக்குவதா, குழுக்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதா? இரண்டுக்கும் காத்திருப்பு நேரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கவும். ஓரமாகப் போய் உட்கார்ந்த மாணவியைப் பொறுத்தவரை, ஐந்து பேர் குழு சரியான முடிவுதானா? வழிகாட்டி ஆசிரியர் ஸ்டாப்வாட்சோடு முதல் வாரமே வந்து உட்கார்ந்திருக்க வேண்டுமா, அல்லது நாட்குறிப்பு தோற்கும்வரை அவர் காத்திருந்தது சரியா?